தொப்பிக்காரர் சுற்றிப் போன வழி

எங்கள் கடைக்குச் சொந்தச் சட்டி கொண்டுவந்து முட்டை அவித்துச் சாப்பிட்ட வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். காலை ஏழு மணிக்கு வருவார். தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் கைபிடி போட்ட ஒரு சின்ன அலுமினியச் சட்டி, தேத்தண்ணீர் குடிக்க ஒரு கண்ணாடிக் கிளாஸ், ஒரு கரண்டி. இரண்டு முட்டைக்குக் காசு கொடுப்பார், சட்டியை அம்மாவின் அடுப்பில் தன் கையாலேயே வைப்பார், முட்டை வேகும் வரை பக்கத்திலேயே காவல் நிற்பார். அம்மா கரண்டியோடு அந்தப் பக்கம் போனாலே அவர் முகம் கலவரமாகிவிடும். பிட்டு, இடியப்பம், சம்பல் எதையும் தொடமாட்டார். வாழைப்பழம் மட்டும் சாப்பிடுவார், அதுவும் தானே உரித்து. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அம்மா சட்டியோடு சேர்த்து ஆளையும் வெளியே அனுப்பியிருப்பார். அவரை மட்டும் ஏனோ பொறுத்துக்கொண்டார்.

போர் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. பாசிக்குடாவில் ஒன்றன்பின் ஒன்றாக ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கட்டட வேலைக்கு வந்த மேசன்மாரை நம்பி அம்மா எங்கள் வளவின் முன்பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். அப்பா கட்டாரில். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பவளப்பாறை காட்டுகிறவர். எனக்கு ஒன்பது வயது. ஊரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் எனக்குக் காரணம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

அவர் லண்டனில் தையற்கடை வைத்திருந்து, வயதாகி, கடையை விற்றவர். முழங்கால் வலிக்குக் கடற்குளிப்பு நல்லது என்று யாரோ சொல்ல, மூன்று மாதம் தங்க வந்திருந்தார். எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன கெஸ்ட் ஹவுசில் ஓர் அறை. அங்கிருந்து கடலுக்குப் போகும் ஒழுங்கை எங்கள் கடை வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகும். வெயிலுக்கு ஓலைத் தொப்பி, அதைக் கழற்றினால் உள்ளே உச்சந்தலையில் ஒட்டினாற்போல் இன்னொரு சின்னத் துணித்தொப்பி. அதனால் ஊரார் அவருக்குத் தொப்பிக்காரர் என்று பெயர் வைத்தார்கள்.

தொப்பியைப் பார்த்தவர்கள் அவர் இஸ்லாத்துக்கு வந்தவராக இருக்கலாம் என்றார்கள். ஓட்டமாவடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் சாரமும் சட்டைத்துணியும் கொண்டுவந்து விற்கும் முஸ்லிம் காக்கா ஒருநாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நம்மட ஆள் இல்ல புள்ள, ஆனா எங்கேயோ சொந்தம் மாதிரித்தான் இரிக்கு” என்றார். வெள்ளைக்காரர் என்றால் வேதக்காரராக, அதாவது கிறிஸ்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று அம்மா நினைத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயில் பக்கமே போகவில்லை. சனிக்கிழமையில்தான் ஏதோ விஷயம் இருந்தது. அன்றைக்கு அவர் காசைக் கையால் தொடமாட்டார். அடுப்புக்குக் கிட்டவும் வரமாட்டார். வெள்ளிக்கிழமையே முட்டைகளை அவித்து எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் பழத்துக்கும் முன்கூட்டியே காசு கொடுத்துவிட்டுப் போவார். சனியன்று நல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வேப்பமரத்தடியில் வந்து ஒரு வேலையும் இல்லாமல் இருப்பார்.

இதையெல்லாம் கவனித்த அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மனிதருக்கு ஏழரைச் சனி நடக்கிறது. விரதம் பிடிக்கிறார், பாவம், எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றத்தான் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டு அவருக்கு விளக்கச் சொன்னார். மாமாவின் ஆங்கிலத்தில் மொத்தம் நாற்பது சொற்கள் இருந்திருக்கும், எல்லாமே கடல் சம்பந்தமானவை. அவற்றை வைத்துக்கொண்டு, உங்களுக்குச் சனிக்கிழமையில் ஒரு பிரச்சினை இருக்கிறது என்று அம்மா சொல்கிறார் என்றார். தொப்பிக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, ஆமாம், மிகப் பழைய பிரச்சினை என்றார். அம்மா திருப்தியோடு அவருக்கு ஒரு பொட்டலம் எள்ளுக் கட்டிக் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.

அப்போதெல்லாம் சமைத்ததைத் தவிர அம்மா கொடுத்த எதையும் அவர் மறுத்ததே இல்லை. வாசலில் நின்ற கோழிக்கூட்டு வாழையில் பழம் பழுத்தால் காசு கொடுத்த இரண்டோடு சும்மா இரண்டும் போகும். மாமா செவ்விளநீர் பறித்தால் ஒன்று அவருக்கு. மாமாவின் படகில் இடம் இருந்தால் அவரும் ஏறிக்கொள்வார். ஒருநாள் காலையில் என் பள்ளிக்கூடக் கவுனின் கீழ்மடிப்பு அவிழ்ந்து தொங்கியபோது, பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, வலிக்கிற முழங்காலை மணலில் ஊன்றி, பஸ் வருவதற்குள் தைத்து முடித்தார். அவ்வளவு சின்னத் தையலை அதன்பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை. நான் அவருக்குத் தமிழ் படிப்பித்தேன். ‘காணும்’, ‘போதாது’, ‘பிள்ளை’. என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அப்பாவை விட என்று சொன்னால் பாவம், ஆனால் அப்பா போனில் மட்டும்தான் இருந்தார்.

கட்டாரில் அப்பாவுக்கு நான்கு மாதமாகச் சம்பளம் கொடுக்கவில்லை. அதைத்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. கடை போடுவதற்கு அம்மா ஒரு கடன் கம்பெனியில் காசு எடுத்திருந்தார். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் சேர்த்துக் கட்டவேண்டும். செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் வேப்பமரத்தடியில்தான் கூட்டம். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார், எங்களிடமிருந்த ஒரே கதிரையில் இருப்பார், அம்மா கொடுக்கும் தேத்தண்ணீரைக் குடிப்பார், பழம் இருந்தால் பழமும் சாப்பிடுவார். ஆக, கடன் தந்தவர் என்றால் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து நன்றாகச் சாப்பிட்டுப் போகிறவர் என்றே நான் விளங்கி வைத்திருந்தேன்.

மூன்று வாரம் அம்மாவால் கட்ட முடியவில்லை. நான்காவது செவ்வாய் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. அந்தப் பொடியன் எங்கள் குசினிக்குள் நின்றார். குழுப் பெண்கள் நால்வரும் மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். காசு சேரும் வரை விடமாட்டேன் என்று அவர் சொன்னதால் காலை பத்து மணியிலிருந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லையாம்.

“அக்கா, இந்தக் கிரைண்டர் என்ன விலை போகும்?” என்று அவர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சந்தையில் விலை கேட்பது போலத்தான் கேட்டார்.

“அது போனா மறுகா நான் எதில மா அரைக்கிற, தம்பி? கடையையே பூட்ட வேண்டியதுதான்” என்றார் அம்மா.

கடலில் இருந்து திரும்பிய தொப்பிக்காரர் அப்போது கிளாசைக் கையில் எடுத்தபடி வாசலுக்கு வந்தார். குசினிக்குள் கிரைண்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கிளாசைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தேத்தண்ணீர் கேட்காமல் போய்விட்டார். அடுத்த செவ்வாய்க்குள் கட்டாவிட்டால் கிரைண்டரை ஏற்றுவோம் என்று தவணை கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளும் போனது.

மறுநாள் தொப்பிக்காரர் மாமாவோடு வந்தார். வழமைபோல உள்ளே வரவில்லை, வேலிக்கு வெளியிலேயே நின்றார். கையில் ஒரு காகிதம்.

“அக்கா, இவர் சல்லி தாறாராம். கம்பெனிக்கு முழுக்கக் கட்டி முடிச்சிடட்டாம்” என்றார் மாமா.

“வட்டி எவ்வளவாம்? கேளுடா.”

மாமா கேட்டார். சுடுசட்டியைத் தொட்டவர்போல அவர் இரண்டு கையையும் உதறினார். வட்டியே இல்லையாம். அம்மாவுக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது.

“வட்டி இல்லாம ஆர் கடன் தாற? காணி உறுதிய ஈடு கேக்கப்போறார் போல.”

“ஒண்டும் கேக்கல்ல, அக்கா. ரெண்டு பேர் சாட்சி வைக்கணுமாம், அவ்வளவுதான். ஏலுமான நேரம் தரட்டாம்.”

துணிக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த காக்கா எழுந்து வந்தார். “வட்டி நமக்கும் ஹறாம்தானே, தங்கச்சி. மனுசன் படைச்சவனுக்குப் பயந்தவர். யோசிக்காம வாங்குங்க” என்று சொல்லி, தானே முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது மாமா. நாற்பதாயிரம் ரூபாய். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார், அன்றைக்கே கம்பெனிக் கணக்கை முடித்தார். எங்கள் வீட்டில் அன்று பாயாசம்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குத் தொப்பிக்காரர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சுகமில்லையோ என்று அம்மா என்னை அனுப்பினார். வெறுங்கையோடு போகலாமா? ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு செவ்விளநீரும் கொடுத்துவிட்டார். தொப்பிக்காரர் அறை வாசலில் சுகமாகத்தான் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பழத்தைக் கண்டதும் வாடியது. காசு எடுத்து நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் பழத்தையும் இளநீரையும் என் கையிலேயே திருப்பி வைத்து, நான் படிப்பித்த தமிழில், “காணும், பிள்ளை, காணும்” என்றார். நான் அந்தச் சீப்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். அவ்வளவு பாரமான சீப்பை நான் தூக்கியதே இல்லை.

அம்மா பழத்தை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, “சல்லி வாங்கின உடனே நம்மட கையும் தீட்டாப் போயிட்டா, கா?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அழுதார். கம்பெனிப் பொடியன் குசினிக்குள் நின்றபோது அம்மா அழவில்லை. இதற்கு அழுதார். அந்த நிமிடத்தில் எனக்குத் தொப்பிக்காரர்மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் நினைக்க முடிகிறது.

பிறகுதான் தெரிந்தது, அவர் கடலுக்குப் போவதை நிறுத்தவில்லை, எங்கள் வாசலால் போவதைத்தான் நிறுத்தியிருக்கிறார். கெஸ்ட் ஹவுசின் பின்வேலியால் இறங்கி, பனங்கூடலுக்குள்ளால் சுற்றி, சுடுமணலில் அரை மணித்தியாலம் நடந்து போகிறார். எங்கள் ஒழுங்கையால் போனால் ஐந்து நிமிடம். தடியை ஊன்றி ஊன்றி அவர் போவதை நான் நாவல் மரத்தில் ஏறி இருந்து பார்த்தேன். மாமா படகில் கூப்பிட்டாராம், கூலி வாங்கினால் ஏறுகிறேன் என்றாராம் தொப்பிக்காரர். முட்டை அவிப்பது வேறு கடையில். ஊர் வாய் சும்மா இருக்குமா? அம்மா ஏதோ மரியாதை கெட்டுக் கதைத்துவிட்டார் என்று ஒரு கதை, இனியும் கடன் கேட்டுவிடுவோம் என்று மனிதர் ஒளிக்கிறார் என்று இன்னொரு கதை.

அவரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவர நான் ஒரு திட்டம் போட்டேன். பின்வேலியில் அவர் நுழைந்து போகும் பொட்டை, அந்த இடைவெளியை, அடைத்துவிட்டால் அவருக்கு வேறு வழி இல்லை. நானும் பக்கத்து வீட்டுப் பெட்டையும் விடத்தல் முள்ளுக் கொப்புகளை இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பொட்டை நிறைத்தோம். கையெல்லாம் கீறல். அம்மாவிடம் பூனை விறாண்டியது என்றேன். அடுத்த நாள் காலை மரத்தில் ஏறிக் காத்திருந்தேன்.

அவர் வந்தார். முள்ளைப் பார்த்து நின்றார். திரும்பி எங்கள் ஒழுங்கையைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கடை தெரியும், அம்மா பிட்டுக் குழலோடு நிற்பதும் தெரியும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் தடியால் ஒவ்வொரு கொப்பாகத் தள்ளத் தொடங்கினார். சட்டைக்கை கிழிந்தது. ஒரு முள்ளைப் புறங்கையிலிருந்து மெல்லப் பிடுங்கினார். வழி திறந்ததும் குனிந்து நுழைந்து, பனங்கூடலுக்குள் போய்விட்டார். எங்கள் முகத்தில் விழிப்பதை விட முள்ளுக் குத்துவதே பரவாயில்லை என்று நினைக்கிறார். மரத்திலிருந்து இறங்கும்போது இதுதான் என் முடிவு.

ஓகஸ்டில் அப்பாவின் சம்பளப் பாக்கி ஒரேயடியாக வந்தது. அம்மா முதல் வேலையாக மாமாவையும் காக்காவையும் கூட்டிக்கொண்டு கெஸ்ட் ஹவுசுக்குப் போய் நாற்பதாயிரத்தையும் எண்ணிக் கொடுத்தார். அவர் அந்தக் காகிதத்தை அவர்கள் முன்னாலேயே கிழித்துப் போட்டாராம்.

அடுத்த நாள் காலை சரியாக ஏழு மணிக்கு, சட்டியோடு, எங்கள் வாசலால் வந்தார்! ஊருக்குப் போய்விட்டு வந்த பெரியப்பா மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். சட்டியை அடுப்பில் வைத்தார். அம்மா தயங்கித் தயங்கிச் சும்மா நீட்டிய பழத்தை வாங்கிக்கொண்டார். போதாதென்று, மாமா பறித்துப் போட்டிருந்த இளநீர்க் குலையைக் கையால் காட்டி, “போதாது, போதாது” என்று தமிழிலேயே கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தேங்காய் வாங்க வந்த குழுப் பெண்ணொருத்தி மட்டும், “சல்லி கைக்குப் போன உடனே மனுசன்ட முகம் வெளிச்சிட்டு, பாருங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. காசுதான் அவருக்குப் பெரிது. காசு போயிருந்தபோது எங்களைப் பிடிக்கவில்லை, காசு வந்ததும் பிடிக்கிறது. அன்றிலிருந்து நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் பிள்ளை என்று கூப்பிட்டபோது உள்ளே போய்விட்டேன்.

இப்போது நான் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். போன வருடம் ஒரு தாயும் மகளும் தங்க வந்தார்கள். பெட்டிக்குள் சொந்தச் சட்டி இருந்தது. அதைக் கண்டதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. விருந்தாளிகளிடம் கேட்கக்கூடாத கேள்விகளையெல்லாம் கேட்டேன், தொப்பிக்காரர் கதையைச் சொன்னேன். தாங்கள் யூதர்கள் என்றார் அந்தத் தாய், அவரும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்றார். பிறகு நான் கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாக விடை சொன்னார். மாவரைக்கும் கல்லை ஈடாக எடுக்கக்கூடாது, அது ஓர் ஆளின் உயிரை ஈடு எடுப்பது போல என்பது அவர்களுடைய வேதம். கடன் கொடுத்தவர் வாங்கியவரின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியில்தான் நிற்கவேண்டும். கடன் தீரும் வரை வாங்கியவர் கையால் ஒரு பழம் சும்மா வாங்கினாலும், படகில் சும்மா ஏறினாலும், அது வட்டியில் சேர்ந்துவிடுமோ என்று பக்தியுள்ளவர்கள் பயப்படுவார்கள். திருப்பிக் கொடுக்க வாங்கியவரிடம் காசு இல்லை என்று தெரிந்தால் அவர் கண்ணில் படும்படி நடந்து போவதே தப்பு. கண்டால் அவர் தலை குனியவேண்டி வரும் அல்லவா?

அந்தத் தாய் சாவியை எடுத்துக்கொண்டு இரண்டடி போனவர், திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார். இந்தச் சட்டமெல்லாம் அவர்கள் தங்களுக்குள், உடன்பிறந்தவர்களாக எண்ணும் ஆட்களுக்குள், கடன் கொடுக்கும்போது உள்ளதாம். வெளி ஆட்களிடம் வட்டி வாங்குவதை வேதம் தடுக்கவில்லையாம். உங்கள் அம்மாவிடம் அவர் இப்படி நடக்கவேண்டிய கட்டாயமே இல்லை என்றார்.

அன்றிரவு இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா “அந்த மனுசனுக்கு ஏழரைச் சனி எண்டு நான் சொன்னனே” என்று மட்டும் சொன்னார்.

அவர் ஊருக்குத் திரும்பிய நாளைப் பற்றி நாங்கள் இருவரும் கதைக்கவில்லை. கடன் தீர்ந்து நான்காம் நாள் அது. கொழும்புக்குப் போகும் ரயிலுக்கு ஓட்டோ வந்து எங்கள் வாசலில் நின்றது. அம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லிக்கொண்டு, “பிள்ளை?” என்று கேட்டார். நான் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். மாமா என்னைத் தேடி வளவை ஒரு சுற்றுச் சுற்றினார். கடைசியில் அம்மா வேறு வழி தெரியாமல், பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டது என்றார். ஓகஸ்ட் விடுமுறை என்பது அவருக்கும் தெரியும். தலையாட்டினார். ஆனாலும் போகவில்லை. ஓட்டோக்காரர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். ஓலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வெயிலில் அவர் நிற்பது தாங்கியின் இடுக்கால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நிற்கட்டும் என்று நினைத்தேன், காசாசை பிடித்த மனிதருக்கு இது வேண்டும் என்று நினைத்தேன். மூன்றாம் ஹோர்னுக்குப் பிறகு ஓட்டோ போனது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அவர் வரவில்லை. அன்றைக்கு அங்கே நின்றது காசுக்காரர் ஒருவர் இல்லை, அம்மாவை உடன்பிறந்தவளாக எண்ணி, அந்தத் தங்கச்சியின் மகளிடம் சொல்லிக்கொண்டு போக வந்த என் மாமன் என்பது எனக்குத் தெரியவில்லை.